ஆறு விநாடி

அட்டைக் குழாயைப் பல்லுக்குள்ள வைங்க.
உதட்டால இறுக்குங்க, ஓரத்துல கசியக் கூடாது.
மூக்குக்கு இந்தக் கிளிப்பு. ஆமாம், துணி காயப் போடுறது மாதிரிதான்.
நெஞ்சு நிறைய இழுங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்.
இப்ப ஊதுங்க
ஊதுங்க ஊதுங்க ஊதுங்க
நிறுத்தாதீங்க, ஆறு விநாடி

மூன்றாவது விநாடியில் தேசப்பன் இருமிவிட்டார்.

எர்ணாவூர். நாற்பத்தேழு வயது.
உயரம் சுவரில் அளந்தேன், ஐந்தடி ஐந்து.
தொழில் என்ற கட்டத்துக்குக்
கூலி என்றார்.
என்ன கூலி?
"சொம்மா கூலிதான் மேடம்."
சட்டைக் காலரின் மடிப்புக்குள்
துவைத்தும் போகாத கரி.
கூலி என்றே எழுதினேன்.

தண்டையார்பேட்டையில் இந்த அறைக்கு வந்து
பதினோரு வருஷம். ஜன்னலைத் திறப்பதில்லை,
மணலிப் பக்கத்துக் காற்றடித்தால்
எந்திரமே தப்பாகக் காட்டும் என்று யாரோ கிளப்பிவிட்டது.

டைடல் வால்யூம்:
நினைக்காமலே போய் வரும் அரை லிட்டர்.
காசிமேட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.
ஏத்தம், வத்தம் என்றால் போதும்,
குழாயைக் கடித்தபடியே தலையாட்டுவார்கள்.

டெட் ஸ்பேஸ்:
தொண்டையிலும் கிளைக்குழாய்களிலும் நிற்கும் நூற்றைம்பது மில்லி.
ரத்தத்தைத் தொடாமலே திரும்பிவிடும்.
மனுவோடு போய்
கலெக்டர் ஆபீஸ் வராந்தாவிலிருந்து
பஸ் பிடித்து வந்தவர்கள் மாதிரி.

வீஸ் என்று டாக்டர் எழுதுவார்.
எங்கள் தெருவில் இழுப்பு.
"ராவுல நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்துது"
இதைச் சொன்னவர்களை எண்ணியிருந்தால்
ஊரே பூனை வளர்க்கிறது.

ரெசிடுவல் வால்யூம் ஒன்றுக்குத்தான்
ரொம்ப நாள் வார்த்தை கிடைக்கவில்லை.
எவ்வளவு ஊதினாலும் வெளியே வராத காற்று.
ஒருநாள் எண்ணூர்ப் பாலத்தில் பஸ் நின்றது.
கீழே வத்தம்.
கழியில் இருந்த தண்ணீரெல்லாம் கடலுக்குப் போயிருந்தது.
சாம்பல் போகவில்லை.
இடுப்பளவில் நின்று ஒருத்தி
கையால் துழாவி இறால் தேடிக்கொண்டிருந்தாள்.

நாலு பஃப் மருந்து கொடுத்து
இருபது நிமிஷம் வெளியே உட்காரச் சொன்னேன்.
திரும்பி வரும்போது கூடவே வடிவு, அவர் மனைவி.
"அன்னிக்கி ராத்திரி ஷிஃப்டுல
கண்ணெல்லாம் எரிஞ்சுதுன்னு ஓடியாந்தாரே, அதுலேர்ந்துதான்..."
அவர் திரும்பிப் பார்த்தார்.
அவள் சேலை நுனியை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவள் வெளியே போன பிறகு
என்னிடம் இல்லை, எந்திரத்திடம் சொல்வதுபோல்:
"மேஸ்திரி சொல்லிக்கீறாரு மேடம்.
ஆர்கிட்டயும் மூச்சு வுடக் கூடாதுன்னு."

நாள் முழுக்க இந்த அறையில்
நான் கேட்பது அது ஒன்றைத்தான்.
குழாயை நீட்டினேன்.

இந்தத் தடவை இருமல் இல்லை.
கழுத்து நரம்பு புடைக்க
கண்ணில் தண்ணீர் வர
ஆறும் தாண்டி ஏழு, எட்டு.
திரையில் கோடு, நடுவில் தொய்ந்த கொடிக்கயிறாக.
முதல் விநாடியில் ஒன்று புள்ளி மூன்று ஒன்று.

"இதுல இன்னான்னு போட்டுக்குது?"
அடைப்பு இருக்குதுன்னு.
"எங்க வேலைன்னு போட்டுக்குதா?"
இல்லை.
மூக்குக் கிளிப்பைத் துடைத்துத் தட்டில் வைத்தார்.
கதவருகில் நின்றார்.
"அந்தக் குழாயி... பையன் வெளாட."

ஊதினது மஞ்சள் பக்கெட்டுக்குத்தான் போக வேண்டும், சட்டம்.
டப்பாவிலிருந்து புதிதாய் ஒன்று கொடுத்தேன்.
கணக்கில் ஒன்று குறையும், குறையட்டும்.

கதவு சரியாக மூடுவதில்லை.
பெஞ்சில் வடிவு அதை வாங்கித்
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
பிறகு வாயில் வைத்தாள்.
நான் எண்ண ஆரம்பித்தேன்.
ஒன்று.
இரண்டு.